இரண்டும் உண்மைதான், அப்புறம் முரண் எங்கே?

சட்டப் படிப்பில் சேர எழுதும் எல்சாட், மேலாண்மைப் படிப்பில் சேர எழுதும் ஜிமேட் மாதிரியான தேர்வுகளுக்குப் பாடம் எடுக்கிறேன். ஒன்றோடொன்று பொருந்தாததுபோல் தோன்றும் இரண்டு செய்திகளை ஒரு பத்தியில் தந்து, இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று விளக்கும் விடையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதுதான் முரண்பாட்டுக் கேள்வி. அது வந்தால் போதும், மாணவர்கள் பத்தியோடு சண்டைக்குப் போய்விடுவார்கள். "இப்படி நடக்க வாய்ப்பே இல்லையே சார்!" நடந்துவிட்டது. பத்தி சொல்வதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். 'பின்வருவன உண்மையென்றால்' என்று கேள்வியே சொல்லிவிடுவதால் விடைத் தெரிவுகளையும் சந்தேகிக்க வேண்டாம். வாதத்தில் ஓட்டை தேடும் வேலையும் இல்லை. பெரும்பாலும் அங்கே வாதமே இருக்காது.

ஓர் உதாரணம். ஒரு தொழிற்சாலையில் எல்லோருக்கும் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு, பதிவான காயங்கள் கூடின. காயங்களுக்கான மொத்தச் சிகிச்சைச் செலவோ குறைந்தது.

தெரிவுகளைப் பார்க்கும் முன், சிக்கலை 'இருந்தும்' போட்டு ஒரே வரியில் சொல்லிப் பாருங்கள்: காயங்கள் கூடின, இருந்தும் செலவு எப்படிக் குறைந்தது? இப்போது இந்த இரண்டு செய்திகளுக்கும் நடுவே நீங்களாகச் செருகியது என்ன என்று தேடுங்கள். பதிவானதெல்லாம் பழைய மாதிரிக் காயங்கள்தான், ஒவ்வொன்றுக்கும் அதே அளவு செலவாகும் என்று நினைத்துக்கொண்டோம். பத்தி அப்படிச் சொல்லவே இல்லை.

சரி, தெரிவுகள். 'அந்த ஆண்டு புதிதாக நிறையப் பேர் வேலைக்குச் சேர்ந்தார்கள்': காயங்கள் கூடியதற்குக் காரணம் கிடைக்கிறது, செலவு அப்படியே தொங்குகிறது. பாதி விளக்கம் தரும் இந்த வகையில்தான் நல்ல மாணவர்களும் விழுகிறார்கள். 'மருத்துவக் கட்டணம் உயர்ந்தது': முடிச்சு இன்னும் இறுகுகிறது. 'சின்னக் கீறலையும் உடனே பதிவு செய்து மருந்து போடச் சொன்னதால், காயம் முற்றிப்போவது குறைந்தது': எண்ணிக்கை ஏன் கூடியது, செலவு ஏன் குறைந்தது, இரண்டுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. இதுதான் விடை.

சதவீதம் வந்தால், யார் யாரைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள் என்று பாருங்கள். 1973-இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மேற்படிப்புகளுக்கு விண்ணப்பித்த ஆண்களில் சுமார் 44 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. பெண்களில் சுமார் 35 சதவீதம். துறைவாரியாகப் பிரித்தால், பெரும்பாலான துறைகளில் பெண்களுக்கு எதிரான சாய்வு தென்படவில்லை. இடம் கிடைப்பது கடினமான துறைகளுக்குப் பெண்கள் அதிகமாக விண்ணப்பித்திருந்தார்கள். 1975-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு இது. கேள்வி தயாரிப்பவர்களுக்கு இந்த அச்சு ரொம்பப் பிடிக்கும்; பெயர்களை மட்டும் மாற்றிவிடுவார்கள்.

'தவிர' என்று முடியும் கேள்விகளில் எல்லாம் தலைகீழ். ஐந்தில் நான்கு தெரிவுகள் முரணைத் தீர்க்கும். அவற்றை அடித்துக்கொண்டே வாருங்கள். மிஞ்சுவது பத்திக்குச் சம்பந்தமே இல்லாததாக இருக்கலாம், முரணை மோசமாக்குவதாகவும் இருக்கலாம். தயங்காமல் அதையே குறியுங்கள்.