அடுத்த சலைன் பாட்டிலுக்கு முன் காலைத் தூக்கிப் பாருங்கள்

செப்சிஸ் (தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினை காட்டி உறுப்புகள் பழுதாகும் நிலை) நோயாளிக்கு முதல் 3 மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மி.லி. கணக்கில் திரவம் கொடுத்தாயிற்று. பிரஷர் இன்னும் ஏறவில்லை. கை தானாக அடுத்த பாட்டிலுக்குப் போகும். கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கட்டத்தில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் மேலும் திரவம் பலன் தரும். மற்றவர்களுக்கு அது நுரையீரலில் போய்த் தேங்கலாம். யாருக்குப் பலன் தரும் என்பதைக் காலை உயர்த்தும் ஒரு சோதனையால் கண்டுபிடிக்கலாம்.

தலைப்பக்கம் 45 டிகிரி உயர்த்திப் படுக்கவைத்து, இதயம் வெளியேற்றும் ரத்த அளவை எக்கோவில் (இதய ஸ்கேன்) குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கட்டிலையே சாய்த்து உடலைக் கிடையாகவும் கால்களை 45 டிகிரி உயரத்திலும் வையுங்கள். கையால் காலைத் தூக்காதீர்கள். வலியிலும் பதற்றத்திலும் நாடித்துடிப்பு கூடி அளவு பொய்யாகிவிடும். கால்களிலிருந்தும் வயிற்றிலிருந்தும் சுமார் 300 மி.லி. ரத்தம் இதயத்துக்குத் திரும்பும். ஒரு நிமிடத்துக்குள் மறுபடி அளக்க வேண்டும், தாமதித்தால் பலன் மங்கிவிடும். இதயம் வெளியேற்றும் ரத்த அளவு 10 சதவீதம் கூடினால் திரவம் உதவும். கூடவில்லையென்றால் ரத்தக் குழாய்களைச் சுருக்கி பிரஷரை ஏற்றும் மருந்தான நார்அட்ரினலினைக் கூட்டுவதைப் பற்றி யோசியுங்கள்.

பிரஷரை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. சி.வி.பி. (இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய சிரையின் அழுத்தம்) எண்ணும் அப்படித்தான், என்னதான் பழகிப்போன எண் என்றாலும். வயிற்றினுள் அழுத்தம் மிகுந்தவர்களிடம் இந்தச் சோதனை ஏமாற்றும்.

எக்கோ இல்லையா? விரல் நுனியை 10 விநாடி அழுத்தி விடுங்கள். நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேல் பிடித்தால் ரத்த ஓட்டம் போதவில்லை. ஆனால் திரவம்தான் தீர்வா என்பதை அது சொல்லாது.