புராணக் கருப்பொருள் கொண்ட கலைப்படைப்புகள்: கட்டுரைக்குத் தலைப்பிடுதலும் திருத்துதலும்

கிரேக்க, ரோமானியப் புராணக் காட்சியைச் சித்திரிக்கும் ஓவியத்தையோ சிற்பத்தையோ பற்றிக் கலைக்களஞ்சியக் கட்டுரை எழுதுபவர், தாம் எழுதுவது கதையைப் பற்றியன்று, ஒரு குறிப்பிட்ட படைப்பைப் பற்றியே என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். தலைப்பு அந்தப் படைப்பை ஐயமின்றிச் சுட்ட வேண்டும். வீனஸையும் அடோனிஸையும் வரைந்த ஓவியர்கள் பலர் என்பதால், ‘வீனஸும் அடோனிஸும் (டிஷியன்)’ என்று ஓவியரின் பெயரை அடைப்புக்குறிக்குள் சேர்க்கிறோம். இக்காட்சிக்கு டிஷியனும் அவருடைய பட்டறையினரும் வரைந்த பல வடிவங்கள் இருப்பதால், பின்னாளில் ஸ்பெயின் அரசரான இரண்டாம் பிலிப்புக்கு 1554இல் அனுப்பப்பட்ட படத்துக்கு மட்டும் தனிக் கட்டுரை எழுதினால், அது இப்போதுள்ள பிராடோ அருங்காட்சியகத்தின் பெயரையும் சேர்ப்பது நல்லது.

ரோமானியரின் காதல் தேவி வீனஸுக்கு இணையான கிரேக்கத் தேவியே அப்ரோடைட்டி என்றாலும், வீனஸ் என்று வழங்கும் படைப்பின் தலைப்பை அப்ரோடைட்டி என்று மாற்றக் கூடாது. போட்டிசெல்லியின் ‘வீனஸின் பிறப்பு’ உண்மையில் தேவி கரை சேர்வதையே காட்டுகிறது. எனினும் நிலைபெற்ற பெயரைத் தலைப்பில் வைத்து, இந்த வேறுபாட்டைக் கட்டுரைக்குள் விளக்குவதே முறை.

மொழிபெயர்ப்பில்தான் மிகுந்த கவனம் வேண்டும். பெர்னினி 1621–22இல் செதுக்கிய புரோசர்பினா சிற்பத்தின் ஆங்கிலத் தலைப்பில் உள்ள ‘ரேப்’ என்ற சொல்லை அப்படியே ‘வன்புணர்வு’ என்று எழுதுவது பிழை. அதன் மூலமான லத்தீன் சொல்லுக்குக் கவர்ந்து செல்லுதல் என்பதே பொருள். சிற்பமும் பாதாள உலகக் கடவுளான புளூட்டோ, புரோசர்பினா என்ற தேவியைத் தூக்கிச் செல்லும் கணத்தையே காட்டுகிறது. ஆகவே ‘புரோசர்பினா கவரப்படுதல்’ என்பது பொருந்தும். இடுப்பிலும் தொடையிலும் புளூட்டோவின் விரல்கள் அழுந்திப் பளிங்கு சதைபோலக் குழிந்திருப்பதை வருணனையில் விடாமல் எழுத வேண்டும். இச்சிற்பத்தை நினைவில் நிறுத்துவதே அந்த இடம்தான்.

திருத்தும்போது நான் அடிக்கடி காணும் குறை, கதைச்சுருக்கம் கட்டுரையை விழுங்கிவிடுவதே. டிஷியனின் ‘டயானாவும் ஆக்டியானும்’ பற்றிய கட்டுரையில், வேட்டைத் தேவியான டயானா நீராடுவதைக் கண்டுவிட்ட வேடன் ஆக்டியான் மானாக மாறி வேட்டைநாய்களுக்கு இரையாவதைப் பத்தி பத்தியாக எழுதுவோர் உண்டு. படத்தில் அது இல்லை. சிவப்புத் திரையை விலக்கி அவன் திகைத்து நிற்பதும், டயானா துணியால் தன்னை மறைத்துக்கொள்வதும், தூணின் மேல் மானின் மண்டையோடு இருப்பதுமே அங்குள்ளவை. கண்ணுக்குத் தெரிவதை முதலில் வருணித்துவிட்டு, மண்டையோடு எதை முன்னறிவிக்கிறது என்று சொல்லுமிடத்தில் ரோமானியக் கவிஞர் ஓவிட் சொன்ன கதையை இரண்டு வரிகளில் தந்தால் போதும். காலம் (1556–59), ஊடகம், அளவு, கைமாறிய வரலாறு ஆகியவற்றை உரிமையுள்ள அருங்காட்சியகத்தின் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். இப்படம் லண்டன் தேசியக் காட்சியகத்துக்கும் ஸ்காட்லாந்தின் தேசியக் காட்சியகங்களுக்கும் பொதுவானது என்பதால் இரண்டையும் குறிப்பிட வேண்டும்.

தலைப்பை மாற்றினால் பழைய பெயரை வழிமாற்றாக, அதாவது தேடுபவரைப் புதிய தலைப்புக்குக் கொண்டுசெல்லும் இணைப்பாக, விட்டுவைக்கவும். வெலாஸ்கெஸின் ஓவியத்தை ‘ரோக்பி வீனஸ்’ என்று தேடுபவரும் ‘வீனஸின் ஒப்பனை’ என்று தேடுபவரும் ஒரே கட்டுரைக்கு வந்து சேர வேண்டும்.