சியாங் மாயில் எந்த ஏரியாவில் வீடு எடுப்பது? வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு

நாகர்கோவிலில் இருந்தபடி லண்டன் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். அதே வேலையை தாய்லாந்தின் சியாங் மாயில் தங்கிச் சில மாதங்கள் செய்தேன். எடுத்த முதல் வீட்டை ஒரே மாதத்தில் காலி செய்ய வேண்டி வந்தது. இரண்டாவது வீட்டைத் தேடிய முறைதான் இது. விசா, டிக்கெட் எல்லாம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

1. முதலில் வேலை நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

தாய்லாந்து நம்மைவிட 1½ மணி நேரம் முன்னே. லண்டனில் காலை 9 முதல் மாலை 5 வரை வேலை என்றால், கோடையில் அது நாகர்கோவிலில் இரவு 9.30க்கு முடியும், சியாங் மாயில் 11 மணிக்கு. அக்டோபர் கடைசியில் லண்டனில் கடிகாரத்தைப் பின்னே தள்ளியதும் 12 ஆகிவிடும். ஆகவே, நடுராத்திரியில் சாப்பாடு கிடைக்கிற, பயமில்லாமல் நடக்க முடிகிற தெருதான் நமக்கு வேண்டும். படங்களில் பார்க்கும் அழகான காபிக் கடைகளில் பல சாயங்காலமே மூடிவிடும்.

2. ஏரியா

அகழி சூழ்ந்த பழைய நகரம், அதற்கு மேற்கே நிம்மான், வடமேற்கே சந்திதாம். நிம்மானில் புதுக் கட்டடங்கள், வாடகை அதிகம். சந்திதாமில் ஊர்க்காரர்கள் குடியிருக்கிறார்கள், வாடகையும் குறைவு. என் ஓட்டு சந்திதாமுக்கு.

3. சத்தம்

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். நாகர்கோவிலில் இருந்தே படம் பார்த்து நிம்மானில் ஒரு மாதத்துக்குப் பணம் கட்டிவிட்டேன். விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது; விமானங்கள் நிம்மானுக்கு மேலே தாழப் பறக்கும். மீட்டிங்கில் பேசும்போதெல்லாம் மைக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

நம் ஊரில் வீடு எடுக்கும் முன் சித்திரையில் கிணறு வற்றுமா, மழைக்குத் தண்ணீர் ஏறுமா என்று அயல்வீட்டில் கேட்போம். வெளிநாட்டிலும் அதே விசாரணை வேண்டும். கிளம்பும் முன்பே ஃபிளைட்ரேடார்24 செயலியில் விமானப் பாதையைப் பாருங்கள். போனதும் ஐந்தாறு நாள் லாட்ஜில் தங்குங்கள். பிடித்த அறைக்கு உங்கள் வேலை நேரத்திலேயே போய், ஜன்னலைச் சாத்தி, போனில் 15 நிமிடம் ஒலிப்பதிவு செய்யுங்கள். அப்புறம் இயர்போனில் கேளுங்கள். நாய், பைக், பக்கத்து வீட்டு டிவி எல்லாம் அதில் தெரிந்துவிடும். நெட் வேகத்தையும் இரவு 9 மணிக்குச் சோதியுங்கள். ரவுட்டர் அறைக்குள் இல்லாமல் மாடி முழுவதற்கும் ஒன்றுதான் என்றால் அந்த வீடு வேண்டாம்.

4. அட்வான்ஸ் கொடுக்கும் முன்

கரண்ட் யூனிட் எவ்வளவு என்று கேளுங்கள். அரசுக் கட்டணம் 4 பாட் (தாய்லாந்து நாணயம்) அளவில்தான். பல அபார்ட்மெண்ட்களில் வீட்டுக்காரர்கள் 7, 8 பாட் வாங்குகிறார்கள். ஏசி போட்டு வேலை பார்ப்பவருக்கு இது பெரிய தொகை. நீங்கள் குடிவந்ததை வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், அதற்கு டிஎம்30 என்று பெயர். அதைச் செய்வாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை: பிப்ரவரியில் போகலாமா என்று மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். தயவுசெய்து வேண்டாம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல்களிலும் காடுகளிலும் தீ வைப்பார்கள். சுற்றிலும் மலை என்பதால் புகை ஊரைவிட்டு நகராது. எந்த ஏரியாவில் இருந்தாலும் தப்ப முடியாது. டிசம்பரில் ஆரல்வாய்மொழிக்கு வந்து வீடு பார்ப்பவருக்கு ஆடிக் காற்று தெரியாது. நவம்பரில் சியாங் மாயைப் பார்த்தால் புகையும் அப்படித்தான் தெரியாமல் போகும்.

அந்த மாதங்களில்தான் போக முடியும் என்றால் மலேசியாவின் பினாங்கைப் பாருங்கள். தமிழிலேயே வீடு விசாரிக்கலாம். ஆனால் அங்கே நேரம் நம்மைவிட 2½ மணி முன்னே, குளிர்காலத்தில் லண்டன் வேலை முடிய இரவு 1 மணி ஆகும்.