கேம்பரைத் திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரை முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் செங்குத்து நிலையிலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதே கேம்பர். சக்கரத்தின் மேற்பகுதி உட்புறம் சாய்ந்தால் நெகட்டிவ், வெளிப்புறம் சாய்ந்தால் பாசிட்டிவ்.

டயரின் உள்விளிம்பு தேய்ந்திருப்பதைக் கண்டவுடனே கேம்பர்தான் காரணம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. டயரின் குறுக்கே கையால் தடவும்போது ட்ரெட் கட்டைகளின் ஒரு விளிம்பு கூராகவும் மறு விளிம்பு மழுங்கியும் தட்டுப்பட்டால், அது பெரும்பாலும் டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் கோணம்) பிசகியதன் அடையாளம். ஒரு பக்கம் மட்டும் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால்தான் கேம்பரைச் சந்தேகிக்க வேண்டும்.

பழுதை மறைப்பதற்காகக் கேம்பரைத் திருத்துவதையே நான் மிகப் பெரிய தவறாகக் கருதுகிறேன். மேக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக இணைந்த சஸ்பென்ஷன் தண்டு) உள்ள பல கார்களில் கேம்பரைத் திருத்துவதற்கான வசதியைத் தயாரிப்பாளரே வைப்பதில்லை. அத்தகைய காரில் ஒரு சக்கரத்தின் கோணம் மட்டும் வரம்பு மீறியிருந்தால், பள்ளத்தில் மோதி ஸ்ட்ரட்டோ, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோ, அதைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ் ஆர்மோ வளைந்திருக்கலாம், அல்லது ஆர்மின் இணைப்புகளில் உள்ள பால் ஜாயின்ட்டும் ரப்பர் புஷ்களும் தேய்ந்து ஆட்டம் கண்டிருக்கலாம். அங்கே கோணத்தை மாற்ற உதவும் கேம்பர் போல்ட்டைப் பொருத்தினால் கருவி காட்டும் எண் மட்டும் சரியாகும். பழுதான உறுப்பு அப்படியே சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கும். வளைந்ததையும் தேய்ந்ததையும் மாற்றிய பிறகு அளந்து பாருங்கள், பல நேரங்களில் திருத்தவே தேவையிருக்காது.

ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் அளப்பதும் தவறு. அப்போது சஸ்பென்ஷன் முழுமையாக அமர்ந்திருக்காது. மட்டமான தரையில், காற்றழுத்தத்தைச் சரிபார்த்து, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, வண்டியைச் சிறிது தூரம் உருட்டி, முன்பகுதியைச் சில முறை அமுக்கிவிட்டு அளக்க வேண்டும்.

கேம்பரை மாற்றிவிட்டு டோவை அப்படியே விட்டுவிடுவது, நன்றாக இருந்த டயரையும் கெடுத்துவிடும். நக்கிள் சாயும்போது, அதை ஸ்டீயரிங்கோடு இணைக்கும் டை ராடின் நீளம் மாறாமலே இருப்பதால் சக்கரத்தின் திசை திரும்பிவிடுகிறது. ஆகவே காஸ்டர் (பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது ஸ்டீயரிங் அச்சின் சாய்வு), கேம்பர், டோ என்ற வரிசையில் டோவை இறுதியாகவே திருத்த வேண்டும்.

இடதும் வலதும் வேறுபட்டால், பாசிட்டிவ் கூடுதலாக உள்ள பக்கத்துக்கு வண்டி இழுக்கும். வேறுபாடு அரை டிகிரிக்குள் இருப்பது நல்லது. தோற்றத்துக்காக நெகட்டிவ் கோணத்தை மிகையாக்கினால், நேர்ச்சாலையில் பிரேக் பிடிக்கும்போது டயரின் முழு அகலமும் தரையைப் பற்றாது.

கேம்பர் போல்ட்டின் தண்டு வழக்கமான போல்ட்டைவிட மெலிந்திருப்பதால் பழைய முறுக்கு அளவு அதற்குப் பொருந்தாது. அதன் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கி, நட்டு இறுகும்போதே கோணம் நகரக்கூடும் என்பதால் மீண்டும் ஒருமுறை அளந்து உறுதிசெய்ய வேண்டும்.