தமிழ் வாசிக்கும் கண்ணுக்கு ஏற்ற கணினித் திரை: எக்ஸ்எஃப்சிஈ டெஸ்க்டொப்பின் தோற்றத்தை அமைத்துக்கொள்ளும் முறை

கிளிநொச்சிப் பக்கத்துச் சனசமூக நிலையம் ஒன்றில், அரைச்சுவரும் தகரக் கூரையும் கொண்ட மண்டபத்தில், பழைய லப்டொப்புகள் சிலவற்றில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவிப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் பழக்கி வருகிறேன். அவற்றில் இருப்பது எக்ஸ்எஃப்சிஈ என்ற டெஸ்க்டொப், அதாவது மெனு, சாளரம், பட்டை ஆகியவற்றைத் திரையில் காட்டும் மென்பொருள். 1996ஆம் ஆண்டு ஒலிவியே ஃபூர்தான் தொடங்கிய இந்தத் திறந்த மூலச் செயற்றிட்டம் குறைந்த நினைவகத்திலும் தடங்கலின்றி ஓடுவதால் பழைய இயந்திரங்களுக்கு மிகவும் பொருந்தும். சுபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன் ஆகிய மூன்று லினக்ஸ் வகைகளிலும் இது கிடைக்கிறது. தோற்றத்தை மாற்றலாம் என்று சொன்னவுடன் எல்லோரும் பின்புலப் படத்துக்கே முதலில் போகிறார்கள். எழுத்துருவில் தொடங்குங்கள் என்பதே என் வேண்டுகோள். கணினியில் நாம் செய்யும் வேலையில் பெரும்பகுதி வாசிப்பு. தமிழ் சரியாகத் தெரியாத திரை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதன் முன் ஒரு மணித்தியாலம் இருப்பது கடினம்.

கை வைக்கும் முன் ஒரு முன்னேற்பாடு தேவை. அமைப்புகளை மாற்றும் இடமான செட்டிங்ஸ் மனேஜரில் பனல் புரொஃபைல்ஸ் என்ற கருவி இருந்தால் அதைத் திறந்து, இப்போதுள்ள பனலின் (திரையின் ஓரத்தில் மெனு இருக்கும் பட்டையின்) அமைப்பை ஒரு பெயரிட்டுச் சேமித்து வையுங்கள். பலர் பயன்படுத்தும் கணினியாக இருந்தால், பழகிப் பார்ப்பதற்கென்றே தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்குவது இன்னும் நல்லது, ஏனெனில் தோற்றம் தொடர்பான மாற்றங்கள் யாவும் அந்தந்தப் பயனரின் கணக்குக்குள்ளேயே நின்றுவிடும்.

இனி எழுத்துரு. செட்டிங்ஸ் மனேஜரில் அப்பியரன்ஸ் என்பதைத் திறந்து மூன்றாவது தாவலான ஃபொன்ட்ஸுக்குச் செல்லுங்கள். அங்கே பொது எழுத்துருவாக நோட்டோ சான்ஸைத் தெரிவுசெய்து அளவை 11 ஆக்குங்கள். ஆங்கிலத்துக்கு 9 அல்லது 10 போதுமானதாக இருக்கலாம். ஆனால் ண, ன இரண்டுக்கும் இடையிலுள்ள சுழியின் வேறுபாடும், ழகரத்தின் கீழ்வளைவும், கூ, மூ போன்ற எழுத்துகளின் வாலும் அந்தச் சிறிய அளவில் ஒன்றோடொன்று ஒட்டிப் போகும். நோட்டோ குடும்பத்தின் தமிழ் எழுத்துரு நிறுவப்பட்டிருந்தால் தமிழ்ச் சொற்கள் பெரும்பாலும் அதிலேயே தெரியும். வேறோர் உருவில் தெரிந்தால், நோட்டோ சான்ஸ் தமிழ் என்பதையே நேரடியாகத் தெரிவுசெய்யலாம். பெயரின் முடிவில் யூஐ என்று வரும் வகை கிடைத்தால் அதை எடுங்கள். அது மெனுக்களின் குறுகிய உயரத்துக்குள் அடங்குமாறு வடிவமைக்கப்பட்டது. லோகித் தமிழும் நல்ல எழுத்துருவே.

அதே தாவலில், எழுத்தின் ஓரங்களை மென்மையாக்கும் அன்ரி அலியாசிங்கை இயங்கச் செய்து, எழுத்தைத் திரையின் புள்ளிகளோடு (பிக்சல்களோடு) பொருத்தும் ஹின்டிங்கை ஸ்லைட் என்று வையுங்கள். ஃபுல் என்று வைத்தால் வளைவுகள் புள்ளிக் கட்டத்துக்குள் இழுக்கப்பட்டுத் தமிழ் எழுத்தின் உருட்சி கெட்டுவிடுவதை எங்கள் இயந்திரங்களில் கண்டிருக்கிறேன். பார்வை குறைந்த பெரியவர்கள் பயன்படுத்தும் கணினியானால், டிபிஐ என்ற பெட்டியில் வழமையான 96 என்ற எண்ணை 110 வரை கூட்டிப் பாருங்கள். எழுத்துகள் எல்லாம் ஒரே விகிதத்தில் வளரும். சில செயலிகள் அவற்றை மூடித் திறந்த பின்பே மாற்றத்தை ஏற்கும். சாளரத் தலைப்பின் எழுத்துரு இங்கே மாறாது. அதற்கு விண்டோ மனேஜர் என்ற தனிப் பகுதிக்குச் செல்ல வேண்டும்.

பாமினி எழுத்துருவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் பகுதியில் பழைய கடிதங்களும் படிவங்களும் இன்னும் அதில் இருக்கின்றன, அவற்றைத் திறப்பதற்காக அதை நிறுவுவதில் பிழையும் இல்லை. ஆனால் அதைப் பொது எழுத்துருவாக ஒருபோதும் வைக்காதீர்கள். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய முறை எழுத்துரு. ஒரு நாள் மாணவர் ஒருவர் தமிழில் மெனு வரும் என்ற ஆசையில் அதைத் தெரிவுசெய்துவிட, ஃபைல் என்ற சொல் "குடைந" என்றும் எடிட் என்ற சொல் "நுனவை" என்றும் திரை முழுவதும் மாறி, எந்தப் பொத்தான் எதற்கு என்று தெரியாமல் பிள்ளை கலங்கிப் போனார். அப்படி நேர்ந்தால் பதற வேண்டாம். பொத்தான்களும் தாவல்களும் இடம் மாறுவதில்லை. பக்கத்துக் கணினியில் அதே சாளரத்தைத் திறந்து வைத்து, அதைப் பார்த்தபடியே மூன்றாவது தாவலுக்குச் சென்று எழுத்துருவை மீட்டுவிடலாம்.

அடுத்தது தீம், அதாவது சாளரங்களின் நிறத்தையும் வடிவத்தையும் தீர்மானிக்கும் தொகுப்பு. கறுப்புத் தீம் இரவில் கண்ணுக்கு இதமானது என்பதால் பலரும் விரும்புகிறார்கள். ஆனால் வன்னியின் பங்குனி, சித்திரை வெயில் செம்மண் முற்றத்தில் பட்டுத் தெறித்து அரைச்சுவருக்கு மேலாக உள்ளே வரும்போது, கறுப்புத் திரை கண்ணாடியாகிவிடுகிறது. வாசிப்பவர் தன் முகத்தையும் பின்னாலுள்ள வாசலையுமே பார்ப்பார். ஆகவே பகலில் திறந்தவெளியை ஒட்டி வேலை செய்பவர்கள் வெளிர்நிறத் தீமையே வைத்துக்கொள்வது நல்லது. கிரேபேர்ட், அத்வைத்தா இரண்டும் ஏற்றவை. அப்பியரன்ஸில் மாற்றுவது சாளரத்தின் உட்பகுதியை. அதன் சட்டத்தையும் தலைப்புப் பட்டையையும் விண்டோ மனேஜரில் மாற்ற வேண்டும். இரண்டிலும் ஒரே பெயருள்ள தீமைத் தெரிவுசெய்தால் தோற்றம் ஒட்டுப்போட்டது போல் தெரியாது. சில தீம்களில் சாளரத்தின் ஓரம் மயிரிழை போல் மெல்லியது, மவுஸால் பிடிக்க வராது. அப்போது ஓல்ட் விசையை அழுத்தியபடி வலது பொத்தானால் சாளரத்தின் உட்பகுதியிலிருந்தே இழுத்து அளவை மாற்றலாம். வெளியிலிருந்து எடுத்த தீமை, உங்கள் வீட்டுக் கோப்புறையில் முன்னால் ஒரு புள்ளியிட்டு ஆங்கிலத்தில் தீம்ஸ் என்று பெயரிட்ட கோப்புறைக்குள் விரித்து வைக்க வேண்டும். புள்ளியில் தொடங்கும் கோப்புறைகள் மறைந்திருக்கும். கொன்ட்ரோல், எச் ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் தெரியும். சிக்னல் குறைந்த ஊர்களில் ஒருமுறை தரவிறக்கிப் பென்ட்ரைவில் எடுத்துச் செல்வதே வசதி.

பனலைப் பொறுத்தவரை, விண்டோஸில் பழகியவர்களுக்குக் கீழே ஒரே ஒரு பனல் இருப்பது போதும்; பனலின் மேல் மவுஸின் வலது பொத்தானைச் சொடுக்கி அதன் அமைப்புகளைத் திறந்து, உயரத்தை 32 புள்ளிகள் அளவில் வைத்து, செயலிகளைத் தேடித் திறக்க உதவும் விஸ்கர் மெனுவைச் சேர்த்து, கடைசியாகப் பூட்டிவிடுங்கள். 768 புள்ளி உயரமே உள்ள திரைகளில் பனலை இடப்பக்கத்துக்குக் கொண்டுபோனால் வாசிக்கும் இடம் கூடும். அப்படிச் செய்யும்போது வேர்டிகல் என்ற முறையைத் தவிர்த்து டெஸ்க்பார் என்ற முறையைத் தெரிவுசெய்யுங்கள், ஏனெனில் முன்னையது எழுத்துகளைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். பின்னையதில் அவை நேராகவே நிற்கும்.

பின்புலப் படத்துக்கு இணையத்தில் தேட வேண்டியதில்லை, நம் கைபேசியில் உள்ளதே போதும். இரணைமடுவின் வான்கதவுகள் திறந்திருந்த மாரிநாள் படம் ஒன்றை ஆசையாக வைத்தேன். பாய்ந்து வரும் நுரையின் வெண்மையில் திரையிலுள்ள ஐகன்களின் கீழுள்ள வெள்ளைப் பெயர்கள் மறைந்துவிட்டன. அதை எடுத்துவிட்டு, காலபோக நெல் கதிர் விடும் முன்னர் ஒரே பச்சையாக நிற்கும் வயலை வைத்தேன். பெயர்கள் தெளிவாகத் தெரிகின்றன. படத்தை முதலில் திரையின் அளவுக்கு, எங்கள் லப்டொப்புகளில் 1366க்கு 768, வெட்டிக்கொள்ளுங்கள்.

இயந்திரம் மிகப் பழையதானால் விண்டோ மனேஜர் ட்வீக்ஸில் கம்போசிட்டர் தாவலுக்குச் சென்று, நிழல் போன்ற அலங்காரங்களைத் தரும் கம்போசிட்டரை அணைத்துவிடலாம். நிழல்கள் போய்விடும், சாளரங்கள் இலேசாக நகரும்.

ஒரு கணினியில் மனதுக்குப் பிடித்தபடி அமைத்த பின், மற்றவற்றிலும் இதே உழைப்பைச் செலவிட வேண்டியதில்லை. வீட்டுக் கோப்புறைக்குள் புள்ளியில் தொடங்கும் கொன்ஃபிக் என்ற கோப்புறையில் எக்ஸ்எஃப்சிஈ4 என்ற பெயரில் இருப்பதே உங்கள் அமைப்பு. அதே பதிப்புள்ள மற்றக் கணினியில், குறித்த பயனர் உள்நுழையாதிருக்கும் வேளையில், நிர்வாகிக் கணக்கிலிருந்து அதைப் பிரதிசெய்து, உரிமையை அந்தப் பயனரின் பெயருக்கு மாற்றிவிடுங்கள். பயனர் உள்ளே இருக்கும்போது செய்தால், ஓடிக்கொண்டிருக்கும் டெஸ்க்டொப் தன் பழைய அமைப்பையே மீண்டும் எழுதிவிடும். எழுத்துருக்களையும் தீம்களையும் அங்கும் தனியாக நிறுவியிருக்க வேண்டும். பின்புலப் படம் திரையின் பெயரோடு சேர்த்துப் பதியப்படுவதால், அந்தப் பெயர் வேறுபடும் கணினிகளில் அதை மட்டும் கையாலேயே வைக்க வேண்டியிருக்கும்.