மிட்லைன் கேட்பதற்கு முன் நடக்கும் தவறுகள்

கை கழுவுவது, டிரெஸ்ஸிங்கில் தேதி எழுதுவது எல்லாம் எல்லோருக்கும் தெரியும். மிட்லைன் (மேல்கைச் சிரைக்குள் போடும் நீளமான குழாய்) வேண்டுமா என்று முடிவெடுக்கும் இடத்தில்தான் புதிய நர்ஸ்கள் ஒரே பள்ளத்தில் மாறி மாறி விழுகிறார்கள்.

நாளை எண்ணிவிட்டு மருந்தை மறப்பது

நோயாளிக்கு 10 நாள் ஆன்டிபயாட்டிக். இரண்டு முறை கேனுலா (கைச் சிரையில் குத்தும் சிறு குழாய்) போட்ட இடம் வீங்கிவிட்டது. "மிட்லைன் போட்டுடலாமா டாக்டர்?" இதுவரை சரிதான். 5 நாளுக்குள் முடிவதற்குக் கேனுலா, 6 முதல் 14 நாள் வரை மிட்லைன் என்பது பரவலாக உள்ள கணக்கு. ஆனால் கைச் சிரை தாங்கும் மருந்துக்கு மட்டுமே அந்தக் கணக்கு செல்லும்.

நான்காம் நாள் நிலைமை மோசமாகிறது. ரத்த அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலின் தொடர் டிரிப்போ, சிரைவழி ஊட்டச்சத்தோ எழுதுகிறார்கள். "நல்ல நீளமான லைன்தான் இருக்கே" என்று அதிலேயே மாட்டுகிறார்கள். சிக்கல் வருவது இங்கேதான். மிட்லைனின் நுனி அக்குள் மட்டத்தோடு நின்றுவிடுகிறது. இதயத்துக்கு அருகிலுள்ள பெருஞ்சிரையில் மருந்தை உடனே நீர்க்கச் செய்யும் ரத்த ஓட்டம் அங்கே கிடையாது. கசிந்தாலோ, புறங்கை கேனுலா போல உடனே வீங்கிக் காட்டாது. மேல்கையின் ஆழத்தில், கொழுப்புக்குக் கீழே கசியும். கை கனக்கிறது என்று நோயாளி சொல்லும்போது திசு வெந்திருக்கலாம்.

ஆகவே லேபிளைப் படியுங்கள். ஆஸ்மோலாரிட்டி (கரைசலின் செறிவு, லிட்டருக்கு மில்லிஆஸ்மோலில்) 900-ஐத் தாண்டினால் மிட்லைன் வேண்டாம். 10% டெக்ஸ்ட்ரோஸ் சுமார் 500, போகலாம். 25% சுமார் 1,260, கூடாது. வின்கிரிஸ்டின், டாக்ஸோரூபிசின் போலத் திசுவை அரிக்கும் மருந்துகளுக்கு, இதயத்துக்கு அருகிலுள்ள பெருஞ்சிரை வரை போகும் சென்ட்ரல் லைன்தான். இன்றைய ஆர்டரை மட்டும் பார்க்காமல், அடுத்த வாரம் என்ன வரக்கூடும் என்றும் மருத்துவரிடம் கேளுங்கள்.

எல்லா சிரையும் கெட்ட பிறகு கேட்பது

ஒருவர் இரண்டு முறைக்கு மேல் குத்தக் கூடாது. அதற்காக, குத்தித் தோற்ற பிறகுதான் கேட்க வேண்டும் என்றில்லை. நீண்ட கோர்ஸ் எழுதப்பட்ட அன்றே கேட்கலாம்.

சிறுநீரக ரிப்போர்ட்டைப் பார்க்காதது

இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம்) 45-க்குக் கீழே இருந்தால், மேல்கைச் சிரைகள் பின்னாளில் ஃபிஸ்டுலாவுக்கு (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைப்பது) தேவைப்படலாம். சிறுநீரக மருத்துவரிடம் கேட்காமல் தொடாதீர்கள். அதுவரை புறங்கை கேனுலா.

நிணநீர் கணு எடுத்த பக்கம், ஃபிஸ்டுலா உள்ள கை

வேண்டாம்.

சிரையை அளக்காமல் விடுவது

அல்ட்ராசவுண்டில், டூர்னிக்கே கட்டாமல் அளக்க வேண்டும். குழாய் சிரை விட்டத்தில் 45 சதவீதத்தைத் தாண்டினால் ரத்தம் உறைய வழி. 4 ஃப்ரெஞ்ச் (குழாயின் தடிமன் அளவு) குழாய்க்குக் குறைந்தது 3 மில்லிமீட்டர் சிரை தேவை. முதலில் பார்க்க வேண்டியது மேல்கையின் உட்பக்கம் உள்ள பேசிலிக் சிரை.

ரத்தம் எடுக்க வசதி என்று கேட்பது

சில நாளில் ரத்தம் திரும்பி வராமல் போகலாம். அதற்காக மட்டும் போடாதீர்கள்.

பெயர் எழுதாமல் விடுவது

வெளியிலிருந்து பார்த்தால் மிட்லைனும், கை வழியாகப் போடும் சென்ட்ரல் லைனான பிக் லைனும் ஒன்றுபோலத்தான் இருக்கும். டிரெஸ்ஸிங் மேலேயே "மிட்லைன், சென்ட்ரல் அல்ல" என்று எழுதுங்கள். நார்அட்ரினலினை மாட்ட வரும் நைட் டியூட்டிக்காரர் கேஸ் ஷீட்டைப் புரட்டும் முன் கையைத்தான் பார்ப்பார்.