குழந்தைகளின் மலப் பரிசோதனை: புழு முட்டையையும் சிஸ்டையும் தவறவிடாமல் பார்ப்பது எப்படி?

காரைக்குடிப் பக்கம் சின்ன லேப்களில் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் ரத்தப் பரிசோதனையைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். மலம் என்றால் மட்டும் ஸ்லைடை அவசரமாக ஓட்டிவிட்டு 'ஓவா, சிஸ்ட் இல்லை' (புழு முட்டையும், உறைக்குள் அடங்கிய ஒற்றைச்செல் ஒட்டுண்ணியும் இல்லை) என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ரத்தசோகையில் வெளிறிப்போன குழந்தைக்கு அந்த ஒரு வரி பெரிய கெடுதல். கொக்கிப்புழு குடலில் ரத்தம் உறிஞ்சிக்கொண்டே இருக்கும், வீட்டில் இரும்புச்சத்து டானிக் வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். மைக்ரோஸ்கோப்பை ஃபோகஸ் செய்யவும் கையுறையோடு வேலை பார்க்கவும் தெரியும் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

சாம்பிள் வாங்கும்போது

வாய் அகன்ற, ஈரமில்லாத, மூடி திருகும் டப்பாவை நீங்களே கொடுத்தனுப்புங்கள். மருந்து பாட்டிலைக் கழுவிக் கொண்டுவந்தால் அதில் தண்ணீர் ஒட்டியிருக்கும். தண்ணீரும் சிறுநீரும் ட்ரோஃபோசாய்ட்டை, அதாவது உறையில்லாமல் உயிரோடு நகரும் ஒட்டுண்ணியை, கொன்றுவிடும். டயப்பர் போடும் குழந்தைக்கு டயப்பருக்குள் சுத்தமான பாலித்தீன் தாளை விரிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் நமக்கு வேண்டிய நீர்ப்பகுதியை டயப்பரே உறிஞ்சிவிடும்.

நேரம்தான் முக்கியம். தண்ணீராகப் போன மலத்தை அரை மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும், கூழாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள். கட்டியான மலம் அன்றைக்குள் பார்த்தால் போதும். தாமதமானால் ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஃப்ரீசரில் கூடாது. தேவகோட்டையிலிருந்தும் கல்லலிலிருந்தும் பஸ் ஏறி வருபவர்களிடம் வயிற்றுப்போக்கு சாம்பிளைக் கையில் தூக்கி வரச் சொல்லாதீர்கள். குழந்தையையே கூட்டிவந்து லேபில் எடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் கூட வந்த அப்பத்தாவிடமோ அம்மாவிடமோ கேளுங்கள்: "பள்ளிக்கூடத்துல பூச்சி மாத்திரை கொடுத்தாகளா, என்னைக்கு?" பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேசிய குடற்புழு நீக்க நாட்கள். 1 முதல் 19 வயது வரை அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். அதை ஒட்டி வந்த நெகட்டிவுக்கு என்ன அர்த்தம் என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு மாத்திரை விவரம் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். "ராத்திரி பல்லை நறநறன்னு கடிக்கிறான், பூச்சிதான்" என்பார்கள். பல் கடிப்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

ஸ்லைடு போடுவது

முதலில் கண்ணால் பாருங்கள். சளி, ரத்தம் இருந்தால் அந்த இடத்திலிருந்து எடுக்க வேண்டும். கட்டி மலம் என்றால் மேலிருந்தும் உள்ளிருந்தும் கொஞ்சம் எடுங்கள். ஒரே ஸ்லைடில் இடப்பக்கம் ஒரு சொட்டு சலைன், வலப்பக்கம் ஒரு சொட்டு அயோடின். தீக்குச்சி முனையளவு மலத்தைச் சலைனில் கலந்து, இன்னொரு துளியை அயோடினில் கலந்து கவர் ஸ்லிப் போடுங்கள். ஸ்லைடுக்குக் கீழே செய்தித்தாளை வைத்தால் எழுத்து படிக்க வர வேண்டும், அதுதான் அளவு. லூகால்ஸ் அயோடினை அப்படியே ஊற்றினால் மலம் திட்டுத் திட்டாகத் திரண்டுவிடும். நான் ஒன்றுக்கு ஐந்து பங்கு நீர் சேர்த்து, வெளிர்த் தேயிலை நிறத்தில் வைத்துக்கொள்வேன். கம்பி லூப்பை விட மரக்குச்சியே எனக்குப் பிடிக்கும். கலக்கும்போது கைக்கு அடங்கும், அப்படியே தூக்கியும் போடலாம்.

வெளிச்சம்: எனக்கு நீண்ட நாள் பிடிபடாத இடம்

இங்கேதான் பலர் தோற்கிறார்கள். ரத்த ஸ்மியர் பார்த்துப் பழகியவர்கள் கண்டென்ஸரை (மேடைக்குக் கீழே வெளிச்சத்தைக் குவிக்கும் லென்ஸ்) மேலே ஏற்றி, ஐரிஸை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திரை) முழுசாகத் திறந்துவைத்துப் பார்ப்பார்கள். சாயம் ஏற்றிய செல்லுக்கு அது சரி. சலைனில் இருக்கும் சிஸ்டுக்கு நிறமே கிடையாது. அவ்வளவு வெளிச்சத்தில் அது கண்ணெதிரே இருந்தும் தெரியாது. கண்டென்ஸரைக் கீழே இறக்குங்கள். ஐரிஸை மெல்ல மூடிக்கொண்டே வாருங்கள், பொருட்களின் விளிம்பு கறுத்துத் தெரியும். அங்கே நிறுத்துங்கள். 40 எக்ஸுக்கு மாறும்போது ஐரிஸைக் கொஞ்சம் திறக்க வேண்டியிருக்கும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால், வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணியான ஜியார்டியா உங்களிடம் தப்பாது.

கவர் ஸ்லிப்பின் ஒரு மூலையில் தொடங்கி, வரிசை வரிசையாக முழுப் பரப்பையும் 10 எக்ஸில் பாருங்கள். சந்தேகமானதை 40 எக்ஸில். விரல் ஃபைன் ஃபோகஸை விட்டு எடுக்கவே கூடாது.

என்னென்ன பார்ப்பீர்கள்? உருண்டைப்புழு முட்டை பழுப்பு நிறம், மேலுறை கரடுமுரடு, 45 முதல் 75 மைக்ரான். கருவுறாத முட்டை இன்னும் நீளம், கோணலும் மாணலுமாக இருக்கும். அதைக் குப்பை என்று விட்டுவிடாதீர்கள். கொக்கிப்புழு முட்டை கண்ணாடி மாதிரி மெல்லிய ஓடு, உள்ளே நாலு முதல் எட்டு செல், ஓட்டுக்கும் செல்லுக்கும் நடுவே தெளிந்த இடைவெளி. சாட்டைப்புழு முட்டைக்கு இரண்டு முனையிலும் அடைப்பு. ஜியார்டியா சிஸ்ட் நீள்வட்டம், 8 முதல் 12 மைக்ரான், அயோடினில் நாலு நியூக்ளியஸ் வரை தெரியும். அமீபா சிஸ்டில் நியூக்ளியஸை எண்ணுங்கள். சீதபேதி உண்டாக்கும் என்டமீபா ஹிஸ்டாலிட்டிகாவின் முதிர்ந்த சிஸ்டுக்கு நாலு, தீங்கில்லாத என்டமீபா கோலிக்கு எட்டு. ஹிஸ்டாலிட்டிகாவும் தீங்கில்லாத என்டமீபா டிஸ்பாரும் பார்வைக்கு ஒன்றே. சிவப்பணுவை விழுங்கிய ட்ரோஃபோசாய்ட்டைப் பார்த்தால் ஒழிய 'ஹிஸ்டாலிட்டிகா' என்று அடித்துச் சொல்லாதீர்கள், 'ஹிஸ்டாலிட்டிகா அல்லது டிஸ்பார்' என்று எழுதுங்கள். ஐபீஸ் மைக்ரோமீட்டர் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸுக்குள் போடும் அளவுகோல்) வாங்கச் சொல்லி முதலாளியிடம் தைரியமாகக் கேளுங்கள், அளவு தெரியாமல் பாதி விஷயம் ஊகமாகிவிடும்.

ஏமாற்றுபவை: மகரந்தம், காற்றுக்குமிழி, ஈஸ்ட், கொழுப்புத்துளி. வாழைப்பழ நார் புழுவைப் போலவே நீளும். முந்தின நாள் கவுனி அரிசி சாப்பிட்டிருந்தால் தவிட்டுத் துணுக்கும் வரும். முட்டைக்கு ஓடும் உள்ளமைப்பும் ஒழுங்காக இருக்கும், அளவும் ஒத்துவரும். மூன்றும் சேர்ந்தால்தான் முட்டை.

சந்தேகம் தீராவிட்டால்

மழைக்குப் பிறகு ஊருணிக்கரை ஈரமண்ணில் செருப்பில்லாமல் விளையாடிய பிள்ளை, ரத்தசோகையோடு வருகிறது, ஸ்லைடில் ஒன்றும் இல்லை. உப்பு மிதவை முறை செய்து பாருங்கள். வெந்நீரில் உப்பு கரையாமல் அடியில் தங்கும்வரை போட்டு, ஆறவைத்து வடிகட்டுங்கள். சின்ன கண்ணாடிக் குப்பியில் ஒரு கிராம் மலத்தை அந்த நீரில் கரைத்து, விளிம்பில் மேடு கட்டும்வரை நிரப்பி, குமிழியில்லாமல் மேலே ஸ்லைடை வையுங்கள். 20 நிமிடம் கழித்து நேராக மேலே தூக்கித் திருப்பி, கவர் ஸ்லிப் போட்டுப் பாருங்கள். கொக்கிப்புழுவுக்கு இதைவிடச் செலவில்லாத முறை இல்லை. கருவுறாத உருண்டைப்புழு முட்டையும் டீனியா நாடாப்புழு முட்டையும் இதில் மிதக்காது, புரோட்டோசோவா (ஒற்றைச்செல் ஒட்டுண்ணி) சிஸ்ட் சுருங்கிவிடும். எல்லாவற்றையும் ஒரே முறையில் பிடிக்க ஃபார்மலினும் ஈதரும் சேர்த்துச் சுழற்றி அடியில் தங்குவதைப் பார்க்கும் ஃபார்மால்-ஈதர் முறைதான் நல்லது. அதிலும் ஈதருக்குப் பதில் எத்தில் அசிட்டேட் வாங்குங்கள். அதுவும் தீப்பற்றும், ஆனால் ஈதர் அளவுக்கு ஆபத்தில்லை.

ஜியார்டியா சிஸ்ட் தினமும் வெளியே வராது. ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று சாம்பிள், பத்து நாளுக்குள். திரும்பத் திரும்ப வரச் சொன்னால் அலுத்துக்கொள்வார்கள், காரணத்தைப் பொறுமையாகச் சொன்னால் வருவார்கள்.

கீரிப்பூச்சிக்கு மலம் வேண்டாம்

ராத்திரி ஆசனவாயைச் சொறியும் குழந்தைக்கு மலத்தில் தேடிப் பயனில்லை. பெண்புழு இரவில் வெளியே வந்து தோலில்தான் முட்டையிடும். காலையில் எழுந்ததும், கழுவுவதற்கும் மலம் கழிப்பதற்கும் முன்னால், ஒட்டுநாடாவை ஆசனவாயைச் சுற்றி அழுத்தி எடுத்து ஸ்லைடில் ஒட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள். மூன்று நாள் தொடர்ந்து. எடுத்தவர் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், அந்த முட்டைகள் சில மணி நேரத்திலேயே தொற்றும்.

பின்சேர்க்கை 1: ஒட்டுநாடாவில் எதுவுமே தெரியவில்லை என்று எழுதியிருந்தவர் பனிபடர்ந்த மாதிரி இருக்கும் மங்கலான நாடாவைப் பயன்படுத்தியிருக்கிறார். பளிச்சென்ற கண்ணாடி நாடாதான் வேண்டும்.

பின்சேர்க்கை 2: முட்டை இல்லை, நெளியும் லார்வா மட்டும் இருக்கிறது, ஸ்ட்ராங்கிலாய்டஸ் (லார்வாவாகவே மலத்தில் வரும் இன்னொரு குடற்புழு) தானே என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். சாம்பிள் எவ்வளவு நேரம் வெளியே இருந்தது என்று முதலில் பாருங்கள். ஒருநாள் வெளியே கிடந்தால் கொக்கிப்புழு முட்டையே பொரித்துவிடும். அயோடின் சொட்டு விட்டு லார்வாவை அசையாமல் நிறுத்தி, 40 எக்ஸில் வாய்க்குழியைப் பாருங்கள். நீளமாக இருந்தால் கொக்கிப்புழு, குட்டையாக இருந்தால் ஸ்ட்ராங்கிலாய்டஸ். பிரித்துச் சொல்ல முடியவில்லை என்றால் 'லார்வா காணப்பட்டது' என்று மட்டும் எழுதி, புது சாம்பிள் கேளுங்கள்.